வீட்டிலேயே காருக்கு பெயிண்ட் அடிக்கிறேன், பிரைமர் கட்டாயம் வேண்டுமா?

தகடு தெரியும் அளவுக்குத் தேய்த்திருந்தாலோ, பள்ளத்தை நிரப்பப் பட்டி (புட்டி) வைத்திருந்தாலோ கட்டாயம் வேண்டும். பிரைமர் என்பது தகட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் பூசும் அடிப்பூச்சு. அதன் வேலை அழகு இல்லை, பிடிப்பு.

தகடு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக வண்ணம் உட்காரும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். சாக்பீஸ் கரும்பலகையில் எழுதும், கண்ணாடியில் வழுக்கும். பலகையின் சொரசொரப்புதான் சுண்ணத்தைப் பிடித்து வைக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பிரைமர் அடிப்பதும் அந்தப் பிடிமானத்துக்காகத்தான்.

பட்டி வைத்த இடத்தில் பிரைமரைத் தவிர்க்கவே கூடாது. பட்டி வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த பிறகு வெயிலில் சாய்வாகப் பார்த்தால் அங்கே மட்டும் மங்கலான வட்டம் தெரியும். அதை மறைக்க மேலே எத்தனை கோட் அடித்தாலும் பெயிண்ட்தான் வீண்.

பிரைமர் காய்ந்ததும் 400, அப்புறம் 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். ஈரம் முழுக்கப் போகட்டும். துடைத்த இடத்தில் வெறும் கை படக்கூடாது. விரலின் எண்ணெயோ பழைய பாலிஷின் மிச்சமோ இருந்தால் வண்ணம் விலகிச் சின்னச் சின்னக் குழிகளாக நிற்கும்.

பலரும் தவறாக நினைப்பது ஒன்று: பிரைமர் அடித்துவிட்டால் துரு பிடிக்காது, வண்ணத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று. சாதாரண பிரைமரில் நுண்துளைகள் உண்டு. மழையில் விட்டால் ஈரம் உள்ளே இறங்கி அடியிலேயே துரு கிளம்பும்.