தோட்டா வாங்க ரொக்கம் செல்லுமா?
சென்னையில் தோட்டா வாங்கும்போது ரொக்கம் கொடுக்கலாமா, ஜிபே மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ரொக்கம் தாராளமாகச் செல்லும். தோட்டாவுக்கென்று தனிக் கட்டுப்பாடு கிடையாது, எல்லா வியாபாரத்துக்கும் 2017 ஏப்ரலில் வந்த வருமான வரி விதிதான்: ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ கடைக்காரர் ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒன்றிரண்டு பெட்டி தோட்டாவுக்கு அவ்வளவு எங்கே ஆகப்போகிறது!

கடைக்காரர் முதலில் கேட்பது பணத்தை அல்ல, லைசென்ஸ் புத்தகத்தை. உங்கள் துப்பாக்கியின் போர் (bore, அதாவது குழலின் உள்விட்ட அளவு) என்ன, எத்தனை தோட்டாவுக்கு அனுமதி, ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்றைய எண்ணிக்கையையும் தேதியையும் அதிலேயே எழுதுவார், தன் பதிவேட்டிலும் ஏற்றுவார். சென்னை நகருக்குள் லைசென்ஸ் தருவது போலீஸ் கமிஷனர். அப்புறம், லைசென்ஸ் இல்லாத நண்பரை மட்டும் பணத்தோடு அனுப்பாதீர்கள், வெறுங்கையோடுதான் திரும்புவார்.