சிற்றலை டிஜிட்டல் ஒலிகளைக் கணினியில் படிக்கத் தனிப் பெட்டி தேவையா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். வளைகுடாவில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த சிற்றலை ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் எஸ்.எஸ்.பி. (அலையின் ஒரு பக்கத்தை மட்டும் வாங்கும் முறை) பட்டன் உண்டு. ராத்திரியில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால், பல விசில்களை ஒரே நேரத்தில் ஊதுவது போன்ற சத்தம் விட்டுவிட்டு வருகிறது. இது டிஜிட்டல் செய்தி, கம்ப்யூட்டரில் எழுத்தாகவே படிக்கலாம் என்கிறார்கள். திருச்சியில் ஒருவர், 'டீகோடர் பெட்டி, சாஃப்ட்வேர் சிடி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய், லைசென்ஸ் எடுத்துத் தர 6,000 தனி' என்கிறார். வாங்கலாமா? கஜா புயலில் பட்ட பாட்டுக்குப் பிறகு, நெட் இல்லாவிட்டாலும் செய்தி கிடைக்க ஒரு வழி வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

பதில்: வாங்காதீர்கள் தம்பி. உங்களுக்கு வேண்டிய பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர்தான் அது. சாஃப்ட்வேர் இலவசம். அதை எழுதியவர்களே உலகத்துக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்கள். அதைச் சிடியில் போட்டுக் காசுக்கு விற்பவரிடம் வேறு எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

நீங்கள் கேட்கும் விசில் கூட்டம் பெரும்பாலும் எஃப்.டி.8 என்ற முறையாகத்தான் இருக்கும். 7.074 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்க உள்ள ஹாம்கள், அதாவது லைசென்ஸ் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்பவர்கள், கூடுகிறார்கள். 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட முறை இது. ஒவ்வொருவரும் சுமார் 13 நொடி அனுப்புவார்கள், கொஞ்சம் நிறுத்துவார்கள், அடுத்த 15 நொடிச் சுற்று தொடங்கும். விட்டுவிட்டு வருகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்த ஒலியின் ஏற்ற இறக்கங்களைக் கம்ப்யூட்டர் அளந்து எழுத்தாக்குகிறது. நம் காதுக்கு வெறும் இரைச்சலாகத் தெரியும் இடத்திலிருந்தும் அது எழுத்தை எடுத்துவிடும்.

காசு செலவில்லாமல் இன்றிரவே இதைச் செய்து பார்க்கலாம். டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ் என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். வேறு 'டவுன்லோடு' தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். ரேடியோவை 7.074-இல் வைத்து, எஸ்.எஸ்.பி. போட்டு, அதில் யு.எஸ்.பி. என்ற மேல்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த யு.எஸ்.பி. வேறு, கம்ப்யூட்டரில் செருகுகிற யு.எஸ்.பி. வேறு. ரேடியோவின் ஸ்பீக்கரை லேப்டாப்பின் மைக் துளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். வீட்டில் டிவியும் பேச்சும் ஓய்ந்திருந்தால், சில நிமிடங்களில் திரையில் வரிகள் விழத் தொடங்கும். இந்தோனேசியா, ஜப்பான், ரஷ்யா, ஐரோப்பா என்று எங்கிருந்தும் வரலாம். பகலிலும் சாயங்காலத்திலும் 14.074 நன்றாக இருக்கும்.

வரிகள் வரவில்லையா? ரேடியோவைச் சந்தேகப்படுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்.டி.8 முழுக்க நொடிக் கணக்கில் ஓடுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் நேரம் இரண்டு மூன்று நொடி தப்பியிருந்தாலே ஒரு வரியும் விழாது. மணியும் நிமிடமும் தப்பினால்கூடப் பாதகமில்லை. நொடி முள் சரியாக இருக்க வேண்டும். விண்டோஸில் நேர அமைப்புக்குள் போய் ஒருமுறை 'சிங்க்' கொடுத்தால் போதும். திரையில் டி.டி. என்ற பத்தியில் வரும் எண்கள் எல்லாமே ஒன்றரை, இரண்டு என்று இருந்தால் உங்கள் கடிகாரம்தான் தப்பு என்று அர்த்தம். 'உங்கள் ரேடியோ பழசு, சிக்னல் எடுக்கவில்லை' என்று சொல்லிப் புது ரேடியோ விற்றவர்கள் இருக்கிறார்கள். அங்கே கோளாறு இரண்டு நொடியில்தான் இருந்திருக்கும்.

அடுத்தது விண்டோஸின் 'ஒலி மேம்பாடு'. பேச்சைத் தெளிவாக்குகிறேன் என்று அது இரைச்சலை வெட்டும். அதோடு உங்கள் சிக்னலையும் வெட்டிவிடும். மைக் அமைப்பில் அந்த வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஒலி அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். அந்த மென்பொருளின் இடது ஓரத்தில் ஒரு அளவுகோல் இருக்கும்; வெறும் இரைச்சலுக்கு அது 30 பக்கம் நின்றால் போதும். சிவப்பாக மாறினால் குறைத்துவிடுங்கள்.

விழும் வரிகளில் அனுப்புகிறவரின் அடையாளமான அழைப்புக் குறியும், பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்த நான்கு எழுத்து-எண் கொண்ட இடக் குறியும் இருக்கும். நம் டெல்டாவின் பெரும்பகுதி, அதாவது திருச்சி, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, நாகை, வேதாரண்யம், கோடியக்கரை எல்லாமே எம்.கே.90 கட்டத்துக்குள் அடங்கிவிடும். மயிலாடுதுறை பக்கம் போனால் எம்.கே.91. அமைப்புப் பக்கத்தில் உங்கள் இடமாக எம்.கே.90 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இது பிடித்துப்போனால் கேபிளுக்கு மாறுங்கள். ரேடியோவின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு 3.5 மில்லிமீட்டர் ஒயர், அவ்வளவுதான். இப்போதைய லேப்டாப்களில் மைக்கும் ஹெட்போனும் ஒரே துளையில் இருப்பதால், சாதாரண ஒயரைச் செருகினால் ஒலி உள்ளே போகாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று வாங்கி, அதன் மைக் துளையில் செருகுங்கள். ரேடியோவின் சத்தத்தை மிகக் குறைவாக வையுங்கள். 18,000 ரூபாய்ப் பெட்டி என்று உங்களிடம் காட்டப்பட்டதைத் திறந்தால், உள்ளே இந்தச் சவுண்ட் கார்டும் அதைச் சுற்றி ஒரு தகரமும்தான் இருக்கும் என்பது என் நம்பிக்கை. வேறு என்ன இருக்கிறது என்று விற்பவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் பெரிய எதிரி மின் இரைச்சல். மலிவு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாமே சிற்றலையில் கரகரப்பைக் கொட்டும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். அப்புறம் வீட்டு மெயினை ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் திருடன் உங்கள் வீட்டுக்குள்தான். வயலோரம் வீடு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வீட்டிலிருந்து தள்ளி இரண்டு தென்னைக்கு நடுவே 10, 15 மீட்டர் செம்புக் கம்பி கட்டினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ குறுக்கே மட்டும் போகவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வந்தால் கம்பியை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது ஒரே ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். ரேடியோவும் ஒயரும் போதும் என்று நான் சொன்னது டி.ஆர்.எம். ஒலிபரப்புக்குப் பொருந்தாது. டி.ஆர்.எம். என்பது பேச்சையும் பாட்டையுமே டிஜிட்டலாக அனுப்பும் முறை. மத்திய அலையிலும் சிற்றலையிலும் வருகிறது. உங்கள் ரேடியோவில் அது பெரிய 'ஷ்ஷ்' என்ற சீரான இரைச்சலாக மட்டும் கேட்கும். அது சாதாரணமாக 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவி நிற்கும். உங்கள் ரேடியோ எஸ்.எஸ்.பி.யில் மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத்தான் உள்ளே விடும். பாதி சிக்னல் வெளியே நின்றுவிட்டால் கம்ப்யூட்டரால் எதுவும் செய்ய முடியாது. எந்த ஒயரைப் போட்டாலும், எந்தப் பெட்டியைப் போட்டாலும் இதுதான் கதை.

இதற்கு எஸ்.டி.ஆர். எனப்படும், கம்ப்யூட்டரில் செருகும் ரிசீவர் வேண்டும். கூடவே ட்ரீம் என்ற இலவச மென்பொருள். அதில் எஃப்.ஏ.சி., எஸ்.டி.சி., எம்.எஸ்.சி. என்று மூன்று விளக்குகள் இருக்கும்; மூன்றாவதும் பச்சையானால்தான் ஒலி வரும். சில சமயம் மூன்றும் பச்சையாகி, நிலையத்தின் பெயரும் தெரிந்து, பாட்டு மட்டும் வராது. உங்கள் ட்ரீம் பழைய பதிப்பு, நிலையம் புதிய ஒலிச் சுருக்க முறையில் அனுப்புகிறது என்று பொருள். புதிய பதிப்பு போடுங்கள்.

எஸ்.டி.ஆர். வாங்கும்போது இரண்டு பொறி. ஒன்று, சாதாரண டிவி டாங்கிள். ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர். என்ற பெயரிலேயே விற்பார்கள். ஆனால் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அது கேட்காது. சிற்றலையோ அதற்குக் கீழேதான் இருக்கிறது. அதே பெயரில் வரும் வி3 மாடலில் சிற்றலையை நேராகவே வாங்கும் 'நேரடி சாம்ப்ளிங்' வசதியும், வி4 மாடலில் உள்ளேயே அலைவரிசையை மேலே ஏற்றும் பகுதியும் உண்டு. இந்த இரண்டில் ஒன்று வேண்டும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். போலிகள் நிறைய உலவுவதால், தயாரிப்பாளர் தன் தளத்தில் குறிப்பிடும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். இரண்டாவது பொறி 'டிஜிட்டல் ரேடியோ' என்ற சொல். முகப்பில் எண்கள் ஓடினால் அதை டிஜிட்டல் ரேடியோ என்றே கடைக்காரர் விற்கிறார். எண் தெரிவது வேறு, டி.ஆர்.எம். ஒலிபரப்பை வாங்குவது வேறு. பெட்டியில் டி.ஆர்.எம். என்று அச்சிட்டிருக்கிறதா, கடையிலேயே ஒரு டி.ஆர்.எம். நிலையத்தைப் பாட வைக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. ஆகாசவாணி நம் வரிப்பணத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை டி.ஆர்.எம். டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியிருக்கிறது, சிற்றலையிலும் உண்டு. புதிய கார்களில் லட்சக்கணக்கில் டி.ஆர்.எம். வசதியோடு ரேடியோ வருகிறது. ஆனால் தஞ்சாவூர்க் கடைத்தெருவில் ஒரு விவசாயி வாங்கும் விலையில் வீட்டு ரிசீவர் எங்கே? எந்த நிலையம் எத்தனை மணிக்கு எந்த அலைவரிசையில் டிஜிட்டலில் வருகிறது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க இத்தனை வருடமாக ஏன் முடியவில்லை? கேட்க ஆளில்லாத ஒலிபரப்புக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

வானிலைப் படங்களும் சிற்றலையில் வருகின்றன. ஜப்பானின் ஜே.எம்.எச். நிலையம் 13988.5 கிலோஹெர்ட்ஸில் வரைபடங்கள் அனுப்புகிறது. ரேடியோவில் 13986.6 வைத்து, எஃப்.எல்.டிஜி என்ற இலவச மென்பொருளில் வானிலை ஃபேக்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால் படம் கோடு கோடாக இறங்கும். ஜெர்மனி வானிலைத் துறை 10100.8-இல் அனுப்பும் எழுத்துச் செய்தியையும் அதே மென்பொருளில் படிக்கலாம். ராணுவமும் தூதரகங்களும் அனுப்புபவை பூட்டப்பட்டவை, திறக்காது. 'எங்கள் பெட்டி எல்லாவற்றையும் திறக்கும்' என்பவர் பொய் சொல்கிறார்.

புயல் பற்றிக் கேட்டீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த இரவுக்கு இதை நம்பாதீர்கள். எஃப்.டி.8-இல் வருவது ஹாம்களின் அழைப்புக் குறிகள்தான், புயல் செய்தி அல்ல. ஜப்பான் படம் பசிபிக் கடலுக்கானது. அதைப் பார்த்துவிட்டுக் கோடியக்கரையிலிருந்து படகை இறக்கக் கூடாது. கையடக்க ரேடியோ ஒன்று, மாற்று பேட்டரிகள், அதில் ஆகாசவாணி திருச்சியோ காரைக்கால் பண்பலையோ கேட்பது, மீன்வளத் துறையும் வானிலை மையமும் சொல்வதைக் கேட்டு நடப்பது: புயல் ராத்திரிக்கு இதுதான் சரி.

கடைசியாக அந்த 6,000 ரூபாய். வீட்டில் ஒலிபரப்பு கேட்க லைசென்ஸ் கட்டிய காலம் எண்பதுகளோடு முடிந்தது. நீங்களும் பதில் அனுப்ப வேண்டுமென்றால்தான் ஹாம் லைசென்ஸ். அதை யாரும் 'எடுத்துத் தர' முடியாது. தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் நீங்களே விண்ணப்பித்து, நீங்களே தேர்வு எழுத வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற ஆரம்ப நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் (தந்திக் குறி) தேவையில்லை. 12 வயது ஆனவர்கள் எழுதலாம். அரசுக் கட்டணம் அந்த ஏஜென்ட் கேட்பதைவிட மிகக் குறைவுதான். தேர்வுத் தேதிக்கு மாதக்கணக்கில் காக்க வைக்கிறார்கள், அப்புறம் லைசென்ஸ் கையில் வர இன்னும் காக்க வைக்கிறார்கள். ஏஜென்ட்டுகள் முளைப்பதே அந்த இடைவெளியில்தான். துறை ஆறு வாரத்தில் வேலையை முடித்தால் இவர்களுக்குப் பிழைப்பே இருக்காது. அதுவரை கேட்டுப் பழகுங்கள்; பிறருக்கான தனிச் செய்தி ஏதும் தட்டுப்பட்டால் வெளியில் சொல்லாதீர்கள்.

இன்றிரவு வரிகள் விழவில்லையென்றால், ரேடியோவின் மாடல், டி.டி. பத்தியில் ஏதாவது எண் வந்ததா, மெயினை அணைத்தபோது இரைச்சல் குறைந்ததா, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். ஆண்டெனா படமும் ஒன்று இருந்தால் நல்லது.