ஏர் ப்யூரிஃபையர் வாங்கியும் இரவு இருமல் நிற்கவில்லையா?

வணக்கம் சகோதரி. ஏழு வயதுப் பையனுக்கு ஆஸ்துமாவோடு மூக்கு அலர்ஜியும் இருக்கிறது, தோல் பரிசோதனையில் தூசிப்பூச்சி (மெத்தை, தலையணையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி), பூனை இரண்டும் பாசிட்டிவ், ப்யூரிஃபையர் வைத்தும் விடிகாலைத் தும்மலும் இரவு இருமலும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மெஷின் மேல் தப்பில்லை. தூசிப்பூச்சியின் அலர்ஜன், அதாவது அலர்ஜியைத் தூண்டும் பொருள், பெரும்பாலும் அதன் கழிவுத் துகள்களில்தான் இருக்கிறது. அவை கனமானவை, மெத்தையை உதறினால் எழும்பி, கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும். காற்றில் மிதக்காததை மெஷின் எப்படி இழுக்கும்? பையன் முகம் புதைத்துத் தூங்கும் தலையணையைக் கவனியுங்கள். மெத்தை, தலையணை இரண்டையும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த அலர்ஜி உறையால் முழுசாக மூடுங்கள். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பஞ்சு பொம்மைகள் கட்டிலில் வேண்டாம். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூச்சி பெருகுவது கஷ்டம்.

பூனை விஷயம் வேறு. அந்த அலர்ஜன் மணிக்கணக்கில் மிதக்கும். ஆனால் பாசிட்டிவ் என்றாலே அதனால்தான் தொந்தரவு என்று அர்த்தமில்லை. பூனை பக்கத்தில் வந்தால் அவனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்ஹேலரை நிறுத்தலாமா என்று கேட்டீர்களே, தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மூக்கு ஸ்ப்ரே முனையை மூக்கின் நடுச்சுவர்ப் பக்கம் திருப்பாமல், அதே பக்கத்துக் காதை நோக்கிப் பிடித்து அடியுங்கள். முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, மூச்சுத் திணறலை உடனே தணிக்கும் நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.