ஜெர்மனியில் நண்பர்களோடு தங்கும்போது: மாவு, மிக்ஸி, ரயில் டிக்கெட்

கேள்வி: அக்கா, மியூனிக்ல ஃப்ரெண்ட்ஸோட இருக்கேன். இட்லி மாவு ரெண்டு நாளானாலும் பொங்கவே மாட்டேங்குது.

பதில்: குளிர்தான் காரணம். மாவு புளிக்க 28–30 டிகிரி வேண்டும். குளிர்கால இரவில் சமையலறை 18-க்கு இறங்கிவிடும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவை உள்ளே வையுங்கள். 10–12 மணி நேரத்தில் பொங்கிவிடும். விளக்கு தனியாக எரியாத ஓவன் என்றால், கீழ்த்தட்டில் ஒரு பாத்திரம் கொதிநீர் வைத்துக் கதவை மூடுங்கள், ஆறியதும் மாற்றுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், வழிந்தால் ஓவனைத் தேய்ப்பது பெரும்பாடு. கதவில் 'உள்ளே மாவு' என்று சீட்டு ஒட்டுவதும் முக்கியம். இல்லாவிட்டால் யாராவது பீட்சாவுக்காக 220 டிகிரி வைத்துவிடுவார்கள்!

அரிசிக்கு, கடையில் 'பார்பாய்ல்ட்' என்று போட்ட நீள அரிசி எடுங்கள், அது புழுங்கல்தான். 4 பங்குக்கு 1 பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். 'மில்ஷ்ரைஸ்' குண்டாக, இட்லி அரிசி மாதிரியே இருக்கும்; ஏமாறாதீர்கள், அது பாயசத்துக்குத்தான் சரி. அரைக்க ஐஸ் தண்ணீரும் வேண்டாம். இந்தக் குளிரில் மிக்ஸிச் சூடு நல்லதே.

கேள்வி: ஊர் மிக்ஸி இங்கே ஓடுமா?

பதில்: ஓடும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது. எர்த் உள்ள அடாப்டர் வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாத நேரம். சனிக்கிழமை மாலையே அரைத்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடி அடுப்பில் தாளிப்பு கருகிப் போகுதே?

பதில்: அணைத்த பிறகும் தட்டு சில நிமிடம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். கடுகு வெடித்ததும் வாணலியைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டுக் கறிவேப்பிலை போடுங்கள். அடி தட்டையான பாத்திரம்தான் சூடேறும்.

கேள்வி: நாலு பேர் சனிக்கிழமை நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போறோம். ஆளுக்கொரு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுக்கணுமா?

பதில்: ஒரு நாளுக்கு அது வீண் செலவு. அது நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில், பஸ்களுக்கான மாதச் சந்தா, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடிப்பார்கள். உங்களுக்கு பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட் போதும். 5 பேர் வரை ஒரே டிக்கெட். வாரநாளில் காலை 9-க்குப் பிறகு, சனி, ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும். ஐசிஇ, ஐசி என்ற தொலைதூர விரைவு ரயில்களில் ஏறாதீர்கள், செல்லாது.

மியூனிக்கிலிருந்து கோட்டைக்கு அருகிலுள்ள ஃப்யூசன் ஊருக்கு ரயிலில் 2 மணி நேரம், பிறகு பஸ். கோட்டை டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுங்கள். அதில் நுழையும் நேரம் குறித்திருக்கும். தவறினால் உள்ளே விடமாட்டார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து கோட்டை வரை ஏற்றம், 40 நிமிட நடை. அதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: அம்மா நெய் கொடுத்துவிடவா என்று கேட்கிறார்.

பதில்: வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவரத் தடை. நெய், பால்கோவா எல்லாம் அதில் அடங்கும். சாம்பார் பொடி தரச் சொல்லுங்கள்.