ஊர் நிதியும் உயிலின் பூட்டும்

கேள்வி: ஒரு வட்டாரத்து மக்கள் திரட்டும் அறநிதியை, இன்ன காரியத்துக்கு மட்டுமே என்று எழுதிவைப்பது நல்லதல்லவா?

பதில்: கொடுத்தவரும் மறைந்து, அவர் குறித்த தேவையும் மறைந்த பிறகு, பணம் மட்டும் பூட்டிக் கிடக்கும் நிலை வரலாம். இதைக் கண்டுதான் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வழக்கறிஞரும் வங்கியாளருமான பிரெடரிக் காஃப், பலரது கொடைகளை முதலாக வைத்து, அதன் வருவாயை உள்ளூர்க் குழுவொன்று காலத்துக்கேற்பப் பங்கிடும் முதல் சமுதாய அறக்கட்டளையை 1914-இல் நிறுவினார். அக்குழுவினரை நியமிக்கும் உரிமை ஒருவர் கையில் இல்லாமல் பலரிடம் பிரிந்திருந்தது. என் பார்வையில், திட்டத்தின் உயிர்நாடியே அதுதான். எனவே நோக்கத்தைச் சற்றுப் பரந்ததாகவும், கணக்கு வெளியிடும் விதியைக் கறாராகவும் எழுதுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.