கூலிக்காரனா, கம்பெனிக்காரனா? துணையைக் கொல்பவர்கள் பற்றிக் கேள்வி பதில்

பெங்களூரு செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். மனைவி, கணவன், காதலி என்று கூட இருந்தவரையே கொன்ற வழக்குகளில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். கொலை செய்கிறவர்கள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள், என்ன வேலை, என்ன படிப்பு என்பதைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். விசாரணையில் இருக்கும் வழக்குகளைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

அல்சூரிலிருந்து: அக்கா, பேப்பர்ல பார்த்தா குடிகாரன், கூலிக்காரன்தான் பொண்டாட்டிய வெட்டுறான். நெஜமாவே ஏழைங்கதான் அதிகமா?

நம் நாட்டுப் புள்ளிவிவரத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் 28,522 கொலை வழக்குகளைக் கணக்குக் காட்டியது. தகராறு, சொத்து, காதல், கள்ளத்தொடர்பு, வரதட்சணை என்று காரணவாரியாகப் பிரித்துப் போடுவார்கள். கொன்றவர் கணவனா, என்ன சம்பாதித்தார் என்ற பத்தி அதில் கிடையாது. சிறைப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் கைதிகளில் மூன்றில் இரண்டு பங்கு பத்தாவதைத் தாண்டாதவர்கள். ஆனால் அது திருட்டு, கஞ்சா, அடிதடி எல்லாம் சேர்ந்த கூட்டம். ஜாமீனுக்கு ஆள் இல்லாதவன் உள்ளேயே கிடக்கிறான் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

அதனால் வெளிநாட்டு ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2003இல் ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் அமெரிக்காவில் 11 நகரங்களில் செய்த ஆய்வு முக்கியமானது. கணவனிடமோ காதலனிடமோ அடி வாங்கி உயிரோடு இருக்கும் பெண்களையும், அப்படிப்பட்டவனால் கொல்லப்பட்ட பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆணின் பின்னணியில் கடைசிவரை நின்ற ஒரே அம்சம் வேலையின்மை. வேலையில்லாமலும் வேலை தேடாமலும் இருந்தவனிடம் ஆபத்து ஏறத்தாழ நாலு மடங்கு. முதலில் பெரிதாகத் தெரிந்த கறுப்பர், வெள்ளையர் வித்தியாசம் வேலையின்மையைக் கணக்கில் சேர்த்ததும் கரைந்துபோனது.

இதோடு நிறுத்தினால் "ஏழைதான் கொல்கிறான்" என்று ஆகிவிடும். பிரிட்டனில் ரெபெக்கா டோபாஷ், ரஸ்ஸல் டோபாஷ் இருவரும் 2004இல் வேறு மாதிரி ஒப்பிட்டார்கள். இன்னொரு ஆணைக் கொன்றவர்களையும் மனைவியைக் கொன்றவர்களையும் எதிரெதிரே வைத்தார்கள். மனைவியைக் கொன்றவர்களில் வேலையில் இருந்தவர்கள் அதிகம், சின்ன வயதில் சீரழிந்தவர்கள் குறைவு. பார்வைக்குச் சாதாரணக் குடும்பஸ்தர்கள்.

ஆஸ்திரேலியாவின் குற்றவியல் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரண்டும் ஒன்றாகப் பொருந்தி வருகின்றன. கொலை செய்த ஆண்களில் சுமார் 40 சதவீதம் பேர் குடி, போதை, வேலையின்மை, பழைய போலீஸ் கேஸ் எல்லாம் உள்ளவர்கள். 33 சதவீதம் பேர் வேலை, வீடு, நல்ல பெயர் உள்ளவர்கள். மனைவியை நிழல்போலத் தொடர்ந்து கட்டுப்படுத்தியவர்கள். போலீஸ் பக்கமே போகாதவர்கள். 11 சதவீதம் பேர் நோய், கடன் போன்ற திடீர் இடியில் நிலைகுலைந்தவர்கள். நான் கோர்ட்டில் பார்ப்பதும் ஏறக்குறைய இதுதான். முதல் வகைக்காரன் வீட்டில் அடி விழுந்தால் தெருவே கேட்கும், ஸ்டேஷனில் ஒரு மனுவாவது இருக்கும். இரண்டாவது வகைக்காரன் வீட்டில் கொலை நடந்த பிறகுதான் பக்கத்து ஃபிளாட்டுக்கே தெரியும்.

மர்பி டவுன், ஆட்டோ ஓட்டுநர்: வேலை போனா எல்லாரும் கொலை பண்றாங்களா மேடம்? லாக்டவுன்ல நானும் சும்மாதான் கெடந்தேன்.

இல்லை தம்பி. வேலை போனவர்களில் கொலைக்குப் போகிறவர்கள் மிக மிகக் கொஞ்சம். ஏற்கெனவே கை நீட்டுகிறவன் வேலையையும் இழந்தால் ஆபத்து கூடுகிறது என்பதுதான் கேம்ப்பெல் சொன்னது.

நம் ஊரிலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் திருமணமான இளம்பெண்கள் 744 பேரைத் தொடர்ந்து சந்தித்து, சுனிதா கிருஷ்ணன் குழுவினர் 2010இல் வெளியிட்டார்கள். கணவனுக்கு வேலை கிடைப்பதிலோ நிலைப்பதிலோ சிக்கல் வந்த வீடுகளில் அடி கூடியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதுவரை வேலைக்குப் போகாத பெண் புதிதாக வேலைக்குப் போக ஆரம்பித்த வீடுகளிலும் அடி விழும் வாய்ப்பு 80 சதவீதம் கூடியது. பணம் உள்ளே வந்தும் அடி கூடியிருக்கிறது, பாருங்கள். அங்கே அவனைக் குத்துவது பசியைவிட, "இனி இவள் என் கையை எதிர்பார்க்க மாட்டாள்" என்ற நினைப்பு. கார்மென்ட்ஸுக்குப் போகும் பெண்கள் சம்பள நாளில்தான் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்வதற்கும் இதுதான் காரணம். வேலையை விடச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொன்னதில்லை. அந்த முதல் சில மாதங்கள் கவனமாக இருக்கச் சொல்வேன்.

ஒயிட்ஃபீல்ட், மென்பொருள் துறை: படிப்பு வந்தால் இதெல்லாம் குறைந்துவிடும் இல்லையா மேடம்? எங்கள் அபார்ட்மென்டில் ஒரு சத்தம் கேட்டதில்லை.

அடி குறைகிறது, உண்மை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பள்ளிக்கே போகாத பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் உடல்ரீதியான வன்முறையைச் சொன்னார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்களில் 18 சதவீதம். ஆனால் 18 என்பது பூஜ்யம் இல்லை. அதே கணக்கெடுப்பில் வன்முறைக்கு ஆளானவர்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். சத்தம் கேட்காததை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள்.

ஒரு வழக்கில் எக்ஸிபிட்டாக, அதாவது ஆதாரமாக, வந்த நோட்டு ஒன்றைச் சொல்கிறேன். நாற்பது பக்கக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. மனைவி தினமும் செலவு எழுதி ராத்திரி கணவனிடம் காட்ட வேண்டும். பால், கொத்தமல்லி, பஸ். மல்லிப்பூ பத்து ரூபாய் என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "யாருக்காக?" என்று அவன் எழுதியிருந்தான். இரண்டு பேரும் பட்டதாரிகள், அவனுக்கு நல்ல சம்பளம். ஒருமுறைகூட அடித்ததாகச் சாட்சி இல்லை. ஒரே ஒரு தடவை கழுத்தைப் பிடித்ததாக அவள் தன் தங்கையிடம் சொல்லியிருந்தாள். தங்கை அதைச் சின்ன சண்டை என்று நினைத்துவிட்டாள்.

கழுத்தில் கை வைத்தால் அது சின்ன சண்டை இல்லை. நான்சி கிளாஸ் குழுவினரின் 2008 ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல். நெரித்த தடம் வெளியே தெரியாமலே போவதும் சகஜம். இன்று நீங்கள் எல்லாரும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதென்றால் இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

கே.ஆர். புரம்: வடக்கேயிருந்து வர்ற ஆளுங்களாலதான் இங்க இப்படி ஆகுது.

இல்லை. கன்னடர், தமிழர், தெலுங்கர், இந்திக்காரர் எல்லார் வழக்கும் என் மேஜையில் இருக்கிறது.

ஸ்ரீராமபுரம்: எங்க காலத்துல ஸ்டவ் வெடிச்சு செத்தாங்கன்னு சொல்லுவாங்க. இப்ப அது கேள்விப்படுறதே இல்லையே, நின்னுபோச்சா?

நல்ல கேள்வி அம்மா. விக்டோரியா ஆஸ்பத்திரி தீக்காய வார்டு தொண்ணூறுகளில் இளம் மருமகள்களால் நிரம்பியிருந்தது. "ஸ்டவ் வெடித்தது" என்று எழுதி விபத்தாக மூடிவிடுவார்கள். 1979 முதல் இந்த ஊரில் இருக்கும் விமோசனா அமைப்புப் பெண்கள் அந்த வார்டுக்கே போய், மரண வாக்குமூலங்களையும் போலீஸ் கோப்புகளையும் ஒப்பிட்டு, அதே வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் சமைக்கும்போது வெடிக்காத ஸ்டவ் மருமகளுக்கு மட்டும் ஏன் வெடிக்கிறது என்று கேட்டார்கள்.

மண்ணெண்ணெய் போய் கேஸ் வந்ததும் அந்தக் கதை குறைந்தது. வரதட்சணைச் சாவு நிற்கவில்லை. 2022இல் நாடு முழுக்க 6,400க்கும் மேற்பட்ட வழக்குகள். இது பரம ஏழை வீட்டுக் குற்றம் இல்லை. சீர் பேசுவதற்குச் சொத்தோ மாப்பிள்ளைக்குச் சம்பளமோ இருக்கும் வீடுகளில்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். வரதட்சணைச் சாவுக்கான தனிச் சட்டப் பிரிவு 1986இல் வந்தது, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 80ஆவது பிரிவு. வீட்டுக்குள் நடந்த சாவுக்கு வீட்டில் இருந்தவன் விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று 2006இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்குப் பெரிய பலம்.

எலெக்ட்ரானிக் சிட்டி: பெண்கள் கொல்வதைப் பற்றிப் பேசவே மாட்டீர்களா? மீரட்டில் கணவனை வெட்டி நீல டிரம்மில் சிமென்ட் போட்டு மூடியதைப் பார்த்தீர்கள்தானே? இப்போது ஆண்களுக்குத்தான் பாதுகாப்பு இல்லை.

பேசுகிறேன். 2025 மீரட் வழக்கு இன்னும் முடியவில்லை, அதைத் தொட மாட்டேன். காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்ற வழக்குகள் இருக்கின்றன, நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் அளவைப் பாருங்கள். ஐ.நா. கணக்கில் 2023இல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 85,000. அவர்களில் 51,100 பேரை, அதாவது நூற்றுக்கு அறுபது பேரை, கொன்றது துணைவரோ குடும்பத்தாரோ. ஆண்களில் அப்படிக் கொல்லப்படுகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் 12. 66 நாடுகளின் விவரத்தை வைத்து 2013இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், துணைவரால் மட்டும் கொல்லப்பட்டவர்கள் பெண்களில் 38.6 சதவீதம், ஆண்களில் 6.3.

அதே நபர்: அதெல்லாம் வெளிநாடு. கணவன் கொடுமைப்படுத்தினான் என்று 498ஏ பொய் கேஸ் போடுவதைப் பற்றி?

பொய்ப் புகார் வேறு, கொலை வேறு. இங்கே கொலையைப் பேசுகிறோம்.

ஃப்ரேசர் டவுன்: அவருக்கு ஏன் பதில் சொல்றீங்க அக்கா? தினம் அடி வாங்குறவ திருப்பி அடிச்சா அதுவும் கொலையா?

வழக்கு பெரும்பாலும் கொலை என்றுதான் ஆரம்பிக்கும், ஆனால் அதோடு முடிவதில்லை. கொன்ற பெண்களின் பின்னணியைப் பார்த்தால் அடிக்கடி வருவது, செத்தவன் கையில் அவள் பட்ட அடி. கைக்காசு இல்லாதவள், திரும்பிப் போனால் "வாழாவெட்டி" என்று பிறந்த வீடே முகம் சுளிக்கும். நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியும். குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், சுயம்புக்கனி வழக்கு, 1989, சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கதையையே எடுத்துப் பேசியது. ஒரு நொடியில் வரும் ஆத்திரத்தை மட்டும் சட்டம் பார்த்தால் போதாது, வருஷக்கணக்காகச் சேர்ந்த கொடுமையையும் பார்க்கலாம் என்றது. அந்த வாதம் அஸ்ஸாம் வரை போனது. 2013இல் மஞ்சு லக்ரா வழக்கில், குடித்துவிட்டு அடித்த கணவனைக் கொன்ற பெண்ணுக்குக் கொலைக் குற்றத்துக்காகக் கிடைத்த தண்டனையைக் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் குறைத்தது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய இந்தச் சிந்தனையை நம் வக்கீல்களே போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

காதலனோடு சேர்ந்து திட்டமிட்டுக் கொன்றவளுக்கு இந்தச் சலுகை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

எலெக்ட்ரானிக் சிட்டி: ஆக, பெண் என்றால் தப்பிக்கலாம்.

மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். இந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

சிவாஜிநகர்: குடிதான் எல்லாத்துக்கும் காரணம், பாரை மூடினா சரியாயிடும்.

அடிக்கடி குடிக்கும் கணவன் உள்ள பெண்களில் 70 சதவீதம் பேர் வன்முறையைச் சொல்கிறார்கள், குடிக்காதவன் வீட்டில் 23. அதே குடும்பநலக் கணக்கெடுப்புதான். பெரிய வித்தியாசம். ஆனால் பிரிந்துபோன மனைவியை பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து வெட்டுகிறவன் பெரும்பாலும் தெளிவாகத்தான் இருக்கிறான்.

ஜெயநகர்: பணக்காரர்கள் கொன்ற வழக்கு இந்த ஊரில் உண்டா?

ரிச்மண்ட் ரோடு வழக்கு. மைசூர் திவான் குடும்பத்துப் பெண், ஏகப்பட்ட சொத்து. அவரை 1986இல் மணந்த ஷ்ரத்தானந்தா என்பவர் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து அவர் சொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1991இல் அந்தப் பெண் காணாமல் போனார். 1994இல் அந்த வீட்டு முற்றத்தைத் தோண்டியபோது உடல் கிடைத்தது. 2008இல் உச்ச நீதிமன்றம், சாகும்வரை சிறை, விடுதலையே கூடாது என்றது. மாளிகையில் நடந்தாலும், கொன்றவர் மனைவியின் பணத்தை நம்பி இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். குடும்பத்தின் மொத்த வருமானத்தைவிட, இருவருக்குள் பணம் யார் கையில் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

பானஸ்வாடி: சாதி மாறிக் கல்யாணம் பண்ணதுக்குக் கொல்றதும் இதுல வருமா?

அங்கே கொல்வது பெரும்பாலும் அப்பா, அண்ணன், மாமன். அது தனி விஷயம், இன்னொரு நாள் தனியாகப் பேசுவோம்.

ஹெப்பால்: படிச்சவங்களுமா கொல்றாங்க?

மூன்றாவது முறையாக வரும் கேள்வி. ஒயிட்ஃபீல்டுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

விஜயநகர், ஒரு தாய்: மக பிரிஞ்சு வந்து எங்ககூட இருக்கா. மாப்பிள்ளை பெரிய கம்பெனி, குடி கிடையாது, மரியாதையான குடும்பம். "கடைசியா ஒரு தடவை தனியா பேசணும், அனுப்பிவைங்க"ன்னு கெஞ்சறாரு. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அம்மா. மற்ற எல்லாரையும்விட உங்களுக்குத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், இப்போதுதான் பார்த்தேன்.

பிரிந்து வந்த பிறகுள்ள நாட்கள்தான் மிக ஆபத்தானவை. பிரிட்டனில் ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பெரும்பாலும் பொறியைத் தட்டியது பிரிவுதான். எல்லா மாப்பிள்ளையும் கொலைகாரன் இல்லை. ஆனால் நல்ல வேலை, குடி இல்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மகளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: கழுத்தைப் பிடித்திருக்கிறாரா? கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரா? ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருக்கிறாரா? போனில் அவள் இருக்குமிடம் அவருக்குத் தெரிகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், மாஜிஸ்திரேட் இடைக்கால உத்தரவும் போடலாம். பேச வேண்டும் என்றால் வக்கீல் முன்னால், பகலில், நான்கு பேர் இருக்கும் இடத்தில் பேசட்டும். அவர் அனுப்பும் மெசேஜை அழிக்க வேண்டாம். நகை, சர்டிபிகேட் எடுக்க அந்த வீட்டுக்குப் போவதென்றால் ஸ்டேஷனில் சொல்லி ஒரு போலீஸ்காரரோடு போங்கள். அவசரம் என்றால் 112, யோசனைக்கு 181. ஆபீஸ் வாட்ச்மேனிடம் இன்றைக்கே அவர் போட்டோவைக் கொடுத்து வையுங்கள்.