வீட்டிலேயே ஏர் கன் செய்து அலங்கரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

உங்களிடம் ஒரு பழைய ஸ்பிரிங் துப்பாக்கி, அதாவது சுருள்வில்லின் விசையால் காற்றை அமுக்கிச் சுடும் ரகம் இருக்கும், இல்லையென்றால் பிவிசி குழாயில் காற்றடைத்துச் சுடும் காணொளி எதையோ பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதுதான் என்றால் அந்த யோசனையை இங்கேயே கைவிடுங்கள். பிவிசி குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது. தண்ணீர் அவ்வளவாக அமுங்காது, குழாய் கீறல் விட்டால் ஒழுகும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியில்லை. அழுத்தி வைத்த சுருள்வில்லைப் போல உள்ளே காத்திருந்து, ஒரு கீறல் கிடைத்ததும் மொத்தமாக விரியும். பிளாஸ்டிக் சில்லுகள் நாலாபுறமும் பறக்கும். "பல வருடமாகச் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொல்வார்கள். ஒன்றும் ஆகாதவரைக்கும் ஒன்றும் ஆகாதுதான்.

ஆகவே என் பதில்: காற்றைத் தாங்கும் பாகங்களெல்லாம் தொழிற்சாலையில் செய்ததாக இருக்கட்டும். நீங்கள் செய்யவேண்டியது கட்டை, அதாவது இரும்புப் பாகங்களைத் தாங்கி, கையில் பிடித்துத் தோளில் வைக்கும் மரப்பாகம். "கட்டையை மட்டும் செய்தால் துப்பாக்கி செய்ததாகுமா?" என்று இளக்காரமாகக் கேட்பவர்கள், ஒரு கட்டைக்குள் இரும்பை முடி அளவு இடைவெளி தெரியாமல் உட்கார வைத்துக் காட்டட்டும், பிறகு பேசலாம். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படையில் சேர்ந்த ஜிராண்டோனி காற்றுத் துப்பாக்கியில் தோளில் வைக்கும் பின்பாகமே இரும்பாலான காற்றுக்கலம். அங்கே கட்டை வேறு, கலம் வேறு என்று பிரிக்க முடியாது. இன்றைய துப்பாக்கிகளில் பிரிக்க முடிகிறது, அது நமக்கு நல்லதுதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உரிமம் வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

குண்டு இல்லை, சுருள்வில் இழுக்கப்படவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு கட்டையைக் கழற்றுங்கள். குழலை மடக்கிச் சுருள்வில்லை இழுக்கும் மடக்குக் குழல் ரகங்களில் பெரும்பாலும் முன்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று, விசையைச் சுற்றியிருக்கும் விசைக்காப்பில் ஒன்றிரண்டு என்று திருகுகள் இருக்கும், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் அடைப்பைத் தொடாதீர்கள். இழுக்காத நிலையிலும் உள்ளே சுருள்வில் அழுத்தத்தில்தான் இருக்கிறது, அடைப்பைக் கழற்றினால் முகத்துக்கு வரும்.

மரத்துக்கு வருவோம். வால்நட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். பீச் மலிவு, உறுதி, ஆனால் ஈரத்துக்கு ஊதிச் சுருங்கும். தேக்கு உழைக்கும், ஆனால் அதன் எண்ணெய்ப்பசையால் எபாக்சி ஒட்டாமல் சண்டித்தனம் செய்யும், ஒட்டும் இடத்தை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியாக இருக்கட்டும், வெளிறு வேண்டாம். சுமார் 80 செ.மீ. நீளம், 18 முதல் 20 செ.மீ. அகலம், 6 செ.மீ. கனம் இருந்தால் வேலைக்குத் தாராளம். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை உளியைத் தொடக்கூடாது. ஈரமாகச் செதுக்கிய கட்டை பிறகு முறுக்கிக்கொண்டு குழலையும் பக்கவாட்டில் தள்ளும்.

மரத்தின் அழகான சுழிரேகையைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் கைப்பிடியில் கோட்டை விடுவார்கள். சுழி பின்பாகத்தில் இருக்கட்டும். கை பிடிக்கும் மெல்லிய இடத்தில் நார் கைப்பிடியின் வளைவோடு நீளவாட்டில் ஓட வேண்டும். அங்கே நார் குறுக்கே வெட்டுப்பட்டால் ஒருமுறை கீழே விழுந்தாலே இரண்டாக ஒடியும். அட்டையில் கட்டையின் வடிவத்தை வெட்டிப் பலகையின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்து, பிறகு கோடு போடுங்கள்.

இரும்பு உட்காரும் உள்குடைவை முடிப்பதற்கு முன் வெளிவடிவத்தில் கைவைக்காதீர்கள். இதைத் தலைகீழாகச் செய்துதான் பலர் மரத்தை வீணாக்குகிறார்கள். சதுரக் கட்டை மேசையில் அசையாமல் நிற்கும், நடுக்கோடும் நேராக இருக்கும். உருட்டிச் செதுக்கிய பிறகு எதை வைத்து அளப்பது? துளைக்கருவியால் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கடைசி 2 மி.மீ. உளிக்கும் சுரண்டிக்கும் மிஞ்சட்டும். இரும்பின் அடியில் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து மெல்லியதாகப் பூசி உள்ளே அழுத்தி எடுங்கள். கறுப்பு ஒட்டிய இடம் மட்டும்தான் தட்டுகிறது. அதை மட்டும் சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, இப்படி நாற்பது ஐம்பது முறை ஆகும். அலுத்துப்போய்ச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்தால் பக்கச்சுவர் பிளக்கும்.

இரண்டு இடங்களில் மட்டும் இறுக்கமே கூடாது. ஒன்று, குழலை மடக்கும்போது இழுபடும் நெம்புகோலின் பள்ளம். அதற்கு இருபுறமும் 1 மி.மீ. வரை விட்டு, பக்கச்சுவரில் குறைந்தது 6 மி.மீ. மரம் மிஞ்சட்டும். மற்றொன்று, இரும்பின் பின்முனை. ஸ்பிரிங் துப்பாக்கியில் உந்துதண்டு (பிஸ்டன்) முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், தண்டு நின்றதும் முன்னால் குதிக்கும். பின்முனை மரத்தோடு ஒட்டியிருந்தால் ஒவ்வொரு உதையும் ஆப்பு அடிப்பது போல் கைப்பிடியில் இறங்கி, சில நூறு சுடுதலில் மயிரிழை வெடிப்பு தெரியும். அங்கே அரை முதல் ஒரு மி.மீ. வெற்றிடம் வேண்டும்.

திருகுகள் தானாகக் கழல்வதற்கும் இந்த இருவழி உதைதான் காரணம். திருகுத்தலைக்கு அடியில் மரம் நசுங்கும், இறுக்குவோம், இன்னும் நசுங்கும். துளைக்குள் பித்தளைக் குழாய்த்துண்டை எபாக்சியில் பதித்து, திருகின் அழுத்தம் மரத்துக்குப் போகாமல் குழாய்க்குப் போகும்படி செய்யுங்கள். மரையில், திருகு கழலாமல் பிடிக்கும் மரைப்பசை நடுத்தர வலுவில் ஒரு சொட்டு. வலுவான ரகம் போட்டால் பிறகு கழற்றச் சூடுகாட்ட வேண்டியிருக்கும், அது எண்ணெய்ப் பூச்சையே கெடுத்துவிடும்.

வெளிவடிவம் உங்கள் உடம்பைப் பொறுத்தது. விசையிலிருந்து கட்டையின் தோளில் படும் முனை வரை பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 34 முதல் 36 செ.மீ. இதில் முதலில் 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள், வெட்டிக் குறைப்பது எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

உப்புத்தாள் 80, 120, 180, 240, 320 என்று படிப்படியாக. நடுவில் ஒரு தாளைத் தாண்டிப் போனால் முந்தைய தாளின் கீறல்கள் எண்ணெய் பூசியதும் பல்லிளிக்கும். 320 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், பொடி நார்கள் மயிர்க்கூச்செடுத்தது போல் நிற்கும். அவற்றை 400 தாளால் மெல்ல வழித்தெடுங்கள். மூன்று முறை செய்தால் அடங்கும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். டங் எண்ணெய்ப் (டங் மரக் கொட்டையின் எண்ணெய்) பூச்சு என்று பெரிதாக அச்சிட்டு விற்கும் டப்பாக்கள் பலவற்றில் இருப்பது மெலிதாக்கிய வார்னிஷ். தேக்கு எண்ணெய் என்ற பெயரில் வருவதற்கும் தேக்கு மரத்துக்கும் உறவே கிடையாது. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்து வாங்குங்கள். ஆளிவிதை எண்ணெய் என்றால் 'பாய்ல்டு' என்று எழுதிய ரகம் வேண்டும். பச்சை எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். முதல் பூச்சை 400 தாளில் தொட்டு ஈரமாகவே தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து சேறாகி நுண்துளைகளை அடைக்கும். அதை ரேகைக்குக் குறுக்கே துடைத்து ஒரு நாள் விடுங்கள். பிறகு விரல் நுனியில் சில சொட்டுகள், நாளுக்கு ஒரு பூச்சு, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் கிடக்கும். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் எறியாதீர்கள், தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவையுங்கள்.

இனி அலங்காரம். கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து வைரக்கட்டம் வெட்டுவதை எண்ணெய் வேலை முடிந்த பின்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் பள்ளங்களில் எண்ணெய் தேங்கும். அங்குலத்துக்கு 18 கோடு, அதாவது கோட்டுக்குக் கோடு சுமார் 1.4 மி.மீ., பழகுவதற்கு ஏற்றது. மென்மரத்தில் 22 கோடு வெட்டினால் முனைகள் உதிரும். வைரத்தின் நீளம் அகலத்தைப் போல் மூன்று முதல் மூன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்கு இதம். வளையும் பிளாஸ்டிக் பட்டையை வைத்து இரண்டு தாய்க்கோடுகளைக் கிழியுங்கள். மற்றதெல்லாம் அவற்றைப் பார்த்தே போகும், தாய்க்கோடு கோணினால் கடைசிக் கோடு வரை கோணல்தான். ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாமல் மூன்று நான்கு சுற்றாக இறக்குங்கள். முடிந்ததும் பழைய பல்துலக்கியால் நீர்த்த எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தால் போதும்.

பித்தளை ஆணி, தகடு பதிப்பதென்றால் அதை எண்ணெய்க்கு முன்பே முடிக்க வேண்டும். வெளிர்மரத்தில் பித்தளையை மரத்தோடு சேர்த்துத் தேய்க்கும்போது கறுப்புத்தூள் நுண்துளைகளில் இறங்கி அழுக்குப் போல் நிற்கும். முன்னதாக அரக்குக் கரைசல் ஒரு பூச்சுப் பூசி அடைத்துவிடுங்கள். கறுப்பு நிறம் வேண்டுமானால் வினிகரில் இரும்புநார் ஊறவைத்த தண்ணீர், டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள மரத்தை நிமிடங்களில் கறுக்க வைக்கும். மேப்பிள் போன்றவற்றுக்கு முதலில் கடுந்தேநீர் பூசிக் காயவையுங்கள்.

இரும்பில் செதுக்கும் ஆசை வந்தால் விசைக்காப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமுக்கக் குழாயிலோ, 200 முதல் 300 பார் வரை முன்கூட்டியே காற்று நிரப்பி வைத்துச் சுடும் பிசிபி ரகத் துப்பாக்கியின் கலத்திலோ ஊசிமுனைக் கீறல்கூட வேண்டாம், கீறலில்தான் வெடிப்பு தொடங்கும். வண்ணப்பொடியைத் தூவிச் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங்கும் கூடாது. அது 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேகும், அந்தச் சூட்டில் அலுமினியக் கலத்தின் வலு இறங்கிவிடும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கலத்துக்கு நிறம் வேண்டுமென்றால் தோல் உறை தைத்துப் போடுங்கள். அழுத்த அளவைக் காட்டும் முகப்பை மட்டும் மூடிவிடாதீர்கள்.